ஒரே பொருளில் அடங்காத ஆறு சொற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போட்டித் தேர்வு எழுதுவோருக்காகத் தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வெளியான ஆங்கிலச் சொற்பட்டியலைப் படித்தேன். எதையும் வெளியில் சொல்லாமல் மறைத்து வைப்பவர்களைக் குறிக்கும் சொற்கள் என்று சீக்ரட்டிவ், ரிசர்வ்டு, ரெட்டிசென்ட், டிஸ்க்ரீட், ஃபர்ட்டிவ், கிளாண்டஸ்டைன் ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஆறுக்கும் எதிரே 'ரகசியமானவர்' என்ற ஒரே பொருளைத் தந்திருக்கிறீர்கள். பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளிலும் வங்கித் தேர்வுகளிலும் ஆங்கிலச் சொல்லறிவைச் சோதிக்கும் கேள்விகள் வருவதால் இத்தகைய பட்டியல்கள் தேவைதான். ஆனால் இவை ஒருபொருள் சொற்கள் அல்ல. ஒருவர் எதை மறைக்கிறார், யாருக்காக மறைக்கிறார், அவரைப் பற்றிப் பேசுபவர் மெச்சுகிறாரா சந்தேகப்படுகிறாரா என்பதைப் பொறுத்து ஆங்கிலத்தில் சொல் மாறிவிடும்.

நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி 'அதிகம் பேசமாட்டார்' என்று சொன்னால் அது நல்ல வார்த்தை. 'ஆள் கொஞ்சம் அழுத்தம்' என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. 'சரியான அமுக்குணி' என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. மூன்றையும் ஒரே வரிசையில் எழுதி ஒரே பொருள் தர எந்தத் தமிழாசிரியரும் துணியமாட்டார்.

ரிசர்வ்டு என்பது ஒருவரது சுபாவம். எளிதில் கலந்து பழகாதவர் என்பதற்கு மேல் அதில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. ரெட்டிசென்ட் என்பவர் தம் எண்ணத்தையோ உணர்வையோ சொல்லத் தயங்குபவர். இந்தச் சொல் 'மௌனமாக இரு' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது; வேலை செய்யத் தயங்குபவரைக் குறிக்கவும் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், கவனமாக எழுதுபவர்கள் பேச்சுக்கே அதை ஒதுக்கி வைக்கிறார்கள். ஃபர்ட்டிவ் முற்றிலும் வேறு. லத்தீனில் திருடனைக் குறிக்கும் 'ஃபூர்' என்ற சொல்தான் அதன் வேர். நாம் 'கள்ளப் பார்வை' என்கிறோமே, அதேதான். அது பெரும்பாலும் பார்வைக்கும் அசைவுக்கும் வரும் அடைமொழி. கிளாண்டஸ்டைனோ மனிதரின் குணத்தைச் சொல்ல வருவதில்லை. கூட்டம், திருமணம், ஆயுதக் கடத்தல் போன்ற செயல்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். 'அவர் ஒரு கிளாண்டஸ்டைன் மனிதர்' என்று விடைத்தாளில் எழுதும் மாணவருக்கு மதிப்பெண் போனால் அவரைக் குறைசொல்ல முடியாது.

டிஸ்க்ரீட் என்பது இவற்றுள் பாராட்டுச் சொல். பிறர் நம்பிச் சொன்னதைக் காப்பவர், எங்கே எதைப் பேசக்கூடாது என்று தெரிந்தவர் என்று அதற்குப் பொருள். சீக்ரட்டிவ் என்பதிலோ, மறைக்கத் தேவையில்லாததையும் மறைக்கிறார் என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் கோட்டையில் அமர்ந்திருக்கும் செயலாளர்களின் ஆங்கிலப் பதவிப்பெயரான 'செக்ரட்டரி', ரகசியம் காக்கும் பொறுப்புடையவர் என்ற பொருளில் பிறந்ததுதான். பதவிப்பெயரில் பெருமை, குணப்பெயரில் இழுக்கு!

இந்த வேறுபாட்டை நான் அகராதியில் தெரிந்துகொள்ளவில்லை. சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் பணியாளர் பிரிவில் இருந்தபோது, ஊழியர்களைப் பற்றி ஆண்டுதோறும் அதிகாரிகள் எழுதும் மந்தண (ரகசிய) அறிக்கைகள், அதாவது நாங்கள் சி.ஆர். என்று சொல்பவை, என் மேசை வழியாகத்தான் போகும். உதவியாளர் ஒருவர் மந்தணக் கோப்புகளைக் கையாண்டு வந்தார். இடமாறுதல் பட்டியல் தயாராகும் நாட்களில் கேன்டீனில் யார் எவ்வளவு கிளறினாலும் வாய் திறக்கமாட்டார். அவரைப் பாராட்டுவதாக நினைத்த அதிகாரி, குணநலன் பற்றிய இடத்தில் 'சீக்ரட்டிவ்' என்று ஒரு சொல் எழுதி, பச்சை மையில் கையெழுத்தும் போட்டுவிட்டார். பாதகமான குறிப்புகளை மட்டுமே ஊழியருக்குத் தெரிவிக்கும் வழக்கம் இருந்த காலம் அது. எழுதியவர் அதைப் பாதகமாக நினைக்காததால் உதவியாளருக்குத் தெரிவிக்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியலைப் பரிசீலித்தவர்கள் அதைப் பாதகமாகவே படித்தார்கள். அந்த ஆண்டுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஏன் இல்லை என்பது அவருக்குத் தெரியவும் வழியில்லை. அறிக்கையின் ஒவ்வொரு பதிவையும் சம்பந்தப்பட்ட ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான்.

மறைப்பவர்களோடு பொய்யர்களையும் சேர்த்துவிடுவது இன்னொரு கோளாறு. தங்கள் பட்டியலின் அடிக்குறிப்பு, இவர்களை 'டிசீட்ஃபுல்' என்றும் சொல்லலாம் என்கிறது. சொல்லக்கூடாது. அது ஏமாற்றுபவருக்கு உரிய சொல். வள்ளலார் கந்தகோட்டத்து முருகனிடம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது 'உள்ளொன்று வைத்துப் புறம்பொன்று பேசுவார்' உறவைத்தான். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

இனி வரும் பட்டியல்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப்பொருளும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் தந்து, அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பதையும் குறிப்பிட வேண்டுகிறேன். இடம் போதாவிட்டால் ஆறு சொற்களுக்குப் பதில் மூன்றைப் போடுங்கள், தவறில்லை. ஒரு திருத்தத்தை மட்டும் அடுத்த இதழிலேயே வெளியிட வேண்டும். டிஸ்க்ரீட் என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டில் கடைசி 'டி'க்கு முன்னால் இரண்டு 'இ' எழுத்துகளும் அடுத்தடுத்து வரவேண்டும். தாங்கள் அச்சிட்டிருப்பதுபோல் ஒன்று 'டி'க்கு முன்னும் மற்றொன்று பின்னும் வந்தால், உச்சரிப்பு மாறாது, பொருள் 'தனித்தனியான' என்று ஆகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5