அப்பாவைத் தூக்கி வந்த தோள்களுக்கு

அன்புள்ள தோட்டத்து உறவுகளுக்கும், மஸ்கெலியா டவுன் அன்பர்களுக்கும், கூடலூரில் இருக்கும் அத்தை குடும்பத்துக்கும்,

எங்கள் அப்பா போய் 31 நாள் ஆகிறது. கருமாதி அன்றே எல்லோருக்கும் வாய்விட்டு நன்றி சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குக் குரல் எழும்பவில்லை. தம்பி மைக்கை வாங்கி இரண்டு வார்த்தை பேசினான், அழுதுகொண்டே கீழே வைத்துவிட்டான். அதனால்தான் இந்த மடல். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் விட்டுப்போய்விடக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம், போட்டால் விட்டுப்போனவர் மனம் நோகும் என்று சொன்னதும் அம்மாதான்.

அன்று இரவு பதினொரு மணி இருக்கும். ஆடி மாதத்து மழையும் காற்றும். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். 1990 என்ற அவசர நம்பருக்கு அழைத்தோம், அம்புலன்ஸும் வந்தது. ஆனால் கீழ் மதகு உடைந்து கிடப்பதால் அதற்கு மேல் வண்டி ஏற முடியவில்லை. அது உடைந்து இரண்டு வருஷமாகிறது, சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. சரி, அதைப் பேச இது இடமில்லை. தம்பி கதவைத் திறந்து ஒரு குரல் கொடுத்ததும் லயத்தில் எல்லாக் காம்பராவிலும் விளக்கு எரிந்தது. கம்பளியை இரண்டு கம்பில் கட்டி, அப்பாவை அதில் கிடத்தி, முன்னால் இருவரும் பின்னால் இருவரும் தூக்கினீர்கள். பக்கத்தில் தாங்கிக்கொண்டு இன்னும் நாலு பேர். அப்பா முகத்தில் மழை விழாமல் பிளாஸ்டிக் சீட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுச் சித்தி கூடவே ஓடினார். செருப்பு நிற்காத அந்தக் குறுக்குப் பாதையில் அப்பாவின் உடம்பு ஒரு தடவைகூடத் தரையில் படவில்லை.

அப்பா பிழைக்கவில்லைதான். ஆனால் இரண்டு நாள் இருந்தார். பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் ஒவ்வொருவராகப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மூத்த பேரன் வந்து சேரும்வரை கண் திறந்திருந்தார். அந்த இரண்டு நாளை எங்களுக்கு வாங்கித் தந்தது நீங்கள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வார்டில் இரவு வேலையில் இருந்த சிங்கள நர்ஸ் நோனாவுக்கும் நன்றி. அவர் அப்பாவைத் தாத்தா, தாத்தா என்றே கூப்பிட்டார். சிங்களத்தில் அது அப்பா. நம் பிள்ளைகள் கூப்பிட்ட தாத்தா வேறு. ஒரே கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தாத்தா, இந்தப் பக்கம் ஒரு தாத்தா என்று குரல் கேட்டபோது அப்பா லேசாகச் சிரித்தார்.

தோட்டத்தில் பிறந்த சின்னப் பிள்ளைகளுக்கு அவர் "கவ்வாத்துத் தாத்தா". பதினாலு வயதில் வேலைக்குப் பேர் பதிந்து, அறுபது வயதில்தான் கத்தியைக் கீழே வைத்தார். கவ்வாத்து என்றால் தேயிலையை வெட்டுவதுதானே என்று வெளியாட்கள் நினைப்பார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை மலையையே மொட்டையாக்கிப் புதிதாகத் துளிர்க்க வைக்கிற வேலை அது. வெட்டு சாய்வாக விழ வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் தேங்கிக் கொப்பு அழுகிவிடும். ஒரே வீச்சில் விழ வேண்டும், இரண்டாவது வீச்சுப் போட்டால் பட்டை கிழியும். செடி மூச்சு விடுவதற்கென்று ஒன்றிரண்டு கொப்பை இலையோடு விட்டுவைத்து, மற்றவை துளிர்த்த பிறகு அதை எடுப்பார்கள். புதிதாக வந்த பையன்களிடம் அப்பா, "மூச்சை அடைச்சிட்டு வெட்டாதடா, அதுவும் உசிருதான்" என்பார். ராத்திரியில் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டுவார். அந்தச் சத்தம் நின்றால் நாங்கள் விழித்துக்கொள்வோம்.

இத்தனை பேர் ஏன் அவருக்காக ஓடி வந்தீர்கள் என்று வெளியூரிலிருந்து வந்த என் சிநேகிதி ஒருத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

1973, 74 பஞ்சத்தில் எங்கள் அப்பாயி போனார். அரிசி இல்லை, மா இல்லை, பாணுக்கு விடியும் முன்பே வரிசையில் நின்றும் வெறுங்கையோடு வந்த காலம். அப்பாயி செத்த அன்று தோட்டத்தில் ஆட்கள் இல்லாமல் இல்லை, தூக்கத் தெம்புதான் யாருக்கும் இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்பா அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். எனக்கு நினைவு தெரிந்து ஒரே ஒரு தடவைதான், "எங்கம்மாவுக்கு நாலு தோள் கிடைக்கலம்மா" என்றார். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் அவர் போகாத இழவு வீடு கிடையாது. பிள்ளைப்பேற்று வலி கண்ட எத்தனை பெண்களைக் கம்பளியில் வைத்துத் தூக்கினார் என்று கணக்கில்லை. அன்று இரவு அவரைத் தூக்கிய தம்பிமாரில் ஒருவரின் அம்மாவையும் அப்படித்தான் தூக்கிப் போனாராம், வயிற்றில் இருந்தது அந்தத் தம்பி. அவரே என்னிடம் சொல்லி அழுதார்.

அந்தப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷமே அத்தை இந்தியாவுக்குப் போனார். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது அப்பாவுக்கு 18 வயது. 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் ஆட்களை எண்ணிப் பிரித்தன. எங்கள் வீடும் அதில் பிரிந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் அத்தையைக் கோச்சி ஏற்றிவிட்டு வந்த அப்பா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை என்று அம்மா சொல்வார். அத்தை தலைமன்னாரில் கப்பலேறி, தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு கூடலூர்ப் பக்கம் திறந்த தோட்டத்தில் போய் அதே கொழுந்தைத்தான் எடுத்தார். இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக்கொடுத்த அப்பாவுக்கோ, 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்தது. பிறந்த மண்ணில் இந்த நாட்டுக்காரன் என்று ஆக 42 வருஷம். அத்தை, உங்களால் வர முடியவில்லை என்று வருந்தாதீர்கள். போனில் உங்கள் முகத்தைத் தம்பி அப்பா பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். நீங்கள் அங்கிருந்து வைத்த ஒப்பாரியைக் கேட்டு இங்கே வீடே அழுதது. உங்கள் குரல் இல்லாமல் அண்ணனை அனுப்பவில்லை.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று 1984இல்தான் ஆனது. அதற்கு முன்பிருந்தே, பெண்டாட்டி சம்பளத்தைப் புருஷன் வாங்குவது வழக்கமாக இருந்த இடத்தில், அப்பா ஒரு நாளும் அம்மாவின் சம்பளத்தைத் தன் கையில் வாங்கியதில்லை. "மலை ஏறினது அவ, அவளே வாங்கட்டும்" என்பார். அம்மா இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள்.

நான் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குப் போகிற நேரம் பார்த்து எங்கள் பசுமாடு காணாமல் போனது. விற்றுவிட்டார் என்று எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். வேலை விட்டபோது வந்த சேமலாப நிதிப் பணத்தில் தனக்கென்று வாங்கியது ஒரு டோர்ச் மட்டும். அதுவும் ராத்திரியில் ஆளைத் தூக்கிப் போகும்போது வழிகாட்டத்தான். அன்று இரவு அப்பாவின் முன்னால் வெளிச்சம் பிடித்துப் போனதும் அதே டோர்ச்தான்.

பேரப்பிள்ளைகளுக்கு அவர் வேறு ஆள். எங்களிடம் இல்லாத பேச்செல்லாம் அவர்களிடம் இருந்தது. வெயில் காலத்தில் மவுசாக்கலையில் தண்ணீர் வற்றினால் கூட்டிக்கொண்டு போய்விடுவார். 1969இல் அணை கட்டி மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா டவுனில் இருந்த கோயில் வெளியே தெரியும். "இங்கதான் நான் கற்பூரம் கொளுத்துவேன், அங்க தேத்தண்ணிக் கடை, இது ரோடு" என்று சேற்றில் நின்று காட்டுவார். ஏழு பேருக்கும் அந்த டவுன் மனப்பாடம். அந்த ஏழு பேரும்தான் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். கடைசிக் குட்டிக்கு ஐந்து வயது, பந்தம் அணையாமல் கைவைத்து மறைத்துக்கொடுத்த பெரியவருக்கு நன்றி.

காரியத்தன்று கொழுந்து மலையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் பாதி நாளோடு கூடையை இறக்கிவிட்டு வந்தீர்கள். அரைநாள் சம்பளம் போனால் மாசக் கடைசியில் அது எப்படிக் கடிக்கும் என்று எனக்குத் தெரியும், கொழுந்து எடுத்தவள் மகள் நான். குழி வெட்டிய தம்பிமார்களே, முதல் குழியில் ஊற்று வந்து தண்ணீர் நிறைந்ததும் முணுமுணுக்காமல் மேட்டில் இன்னொன்று வெட்டினீர்கள். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கக்கூட எனக்கு அன்று தோன்றவில்லை, மன்னித்துவிடுங்கள். தப்படித்த அண்ணன்மார் சொட்டச் சொட்ட நனைந்தபடி அடித்தீர்கள், காசு நீட்டியபோது கையைத் தட்டிவிட்டீர்கள். புத்த கோயிலான பன்சலையிலிருந்து நாற்காலி அனுப்பிய ஹாமதுருவுக்கும், டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவர வேன் தந்து டீசல் காசுகூட வாங்காத முஸ்லிம் முதலாளிக்கும், சுடுகாட்டுப் பாதையில் கல் போட்டுக்கொடுத்த கிராமத்துச் சிங்கள அண்ணன்மாருக்கும் எங்கள் கும்பிடு. மூன்று நாளும் எங்கள் அடுப்பு எரியவில்லை, ஆனாலும் வந்த ஒருவர்கூடத் தேத்தண்ணி குடிக்காமல் போகவில்லை. அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று இன்றுவரை அம்மாவால் முழுதாகக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னொன்று. அப்பா யாருக்காவது ஏதாவது தரவேண்டியிருந்தால் கூச்சப்படாமல் வந்து சொல்லுங்கள் என்று கருமாதி அன்று தம்பி கேட்டான். அப்படி ஒருவரும் வரவில்லை. அப்பாவுக்குத் தாங்கள் தரவேண்டும் என்று மூன்று பேர் வந்தீர்கள். அந்தப் பணத்தை அம்மா வாங்கவில்லை. அதில் புதுக் கம்பளி ஒன்று வாங்கி, இரண்டு கம்போடு கோயிலில் வையுங்கள். எந்த நேரமும் யாரும் எடுக்கலாம். டோர்ச்சை நாங்கள் தருகிறோம்.

வீட்டுக்குப் பின்னால் அப்பா போட்ட லீக்ஸ் பாத்தி அந்த மழைக்கும் தப்பி நிற்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் பிடுங்கலாம். விற்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். வந்து ஆளுக்கொரு கட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

அம்மா, தம்பி, தங்கை, மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோர் சார்பிலும்,
மூத்த மகள்