விலக வேண்டியவர் பயிற்சியாளர் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் சரிவுக்குப் பயிற்சியாளர்களே காரணம் என்னும் தங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரையை ஏற்க இயலவில்லை. 2013-இல் நெடுங்காலப் பயிற்சியாளர் பெர்குசன் ஓய்வு பெற்றபின் மோயஸ், வான் கால், மொரின்யோ, டென் ஹாக் எனப் பலர் வந்து போனார்கள். இங்கிலாந்தின் முதன்மைப் போட்டித் தொடரான பிரீமியர் லீக் பட்டம் மட்டும் வரவில்லை. 1986-இல் பொறுப்பேற்ற பெர்குசனுக்கே முதல் லீக் பட்டம் 1993-இல்தான் கிட்டியது; காத்திருந்தது அன்றைய நிர்வாகம். 2005-இல் கிளப்பை வாங்கிய கிளேசர் குடும்பமோ அதற்காகப் பட்ட கடனையே கிளப்பின் தலையில் ஏற்றியது.

வியாசர்பாடியில் நான் ஆடிய சிறு அணியிலும் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தவர் செயலாளர். தோற்றால் வெளியேறியவர் பயிற்சியாளர். (செயலாளர் நாற்காலி அசைந்ததே இல்லை.) இனிப் பயிற்சியாளர் நீக்கச் செய்தி வரும்போது, வீரர்களை வாங்க முடிவெடுத்தவர் யார் என்பதையும் தாங்கள் உடன் வெளியிட வேண்டும்.

– வாசகர், வியாசர்பாடி, சென்னை-39