குறிஞ்சிக்குக் கிடைத்த காவல் புல்லுக்கும் வேண்டும்

இடுக்கி மாவட்டத்து மறையூர், காந்தளூர், வட்டவடைப் பஞ்சாயத்துகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கோவிலூர்ப் பக்கத்துத் தமிழன் எழுதுகிறேன். ஊரின் உயிரினங்களையும் அவற்றைப் பற்றி மக்கள் அறிந்ததையும் எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் நம் மலையின் நாட்டுப் புற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஊர்ப்பெயரோடு ஏற வேண்டும். இந்த மடலின் கோரிக்கை இவ்வளவுதான்.

நீலக்குறிஞ்சிக்கு இன்று காவல் இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் அதற்கு இடம் கிடைத்தது. 2024-ல், உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியல் அதை அழிவாய்ப்பு இனமாகச் சேர்த்துக்கொண்டது. மகிழ்ச்சிதான். ஆனால் குறிஞ்சி வேர்விட்டிருப்பது புல்வெளியில். இரவிகுளத்து வரையாடு வயிறு நிரப்புவதும் அதே புல்லால்தான். அந்தப் புல்லின் நிலை என்ன என்று யாரும் கேட்பதில்லை. சிவப்புப் பட்டியலில் 'மதிப்பிடப்படாதது' என்றொரு நிலை உண்டு. ஆபத்தில்லை என்று அதற்குப் பொருள் கொண்டுவிடுகிறோம். உண்மையில் இன்னும் யாரும் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள்.

பக்கத்து நீலகிரியில் நடந்ததைப் பாருங்கள். அங்குள்ள சதுப்புகளில் மட்டும் வளரும் அரிய புல் ஒன்றுக்கு, கோவை வேளாண் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921-ல் நூல் வெளியிட்ட ரங்காச்சாரியின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது: எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்வது இந்தப் புல்லால்தான். சதுப்புகள் சுருங்கச் சுருங்கப் புல் குறைகிறது என்பதை முதலில் உணர்பவர்கள், கூரைக்கு அறுக்கப் போகும் அவர்களே. பயன்படுத்தும் கைகளுக்குத்தான் புல்லின் கணக்கு தெரியும். நம் மலையிலும் புல் வேய்ந்த வீட்டில் பிறந்த முதியவர்கள் இருக்கிறார்கள், இஞ்சிப்புல் காய்ச்சித் தைலம் எடுத்த முதுவர் பழங்குடியினர் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் எழுதும் பதிவேடு அரைகுறையாகவே இருக்கும்.

புல்லெல்லாம் ஒன்றுதானே என்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சரிவில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு தூரின் கதிர் செம்பு நிறத்தில் தாடிபோல் தொங்கும். அடுத்த தூரின் கதிர் ஒரே பக்கமாகச் சீப்புப் பல் வரிசைபோல் நிற்கும். கீழே மறையூர்ப் பக்கம் இறங்கினால் ஊசிப்புல். அதன் விதைக்கு நீண்ட வால் உண்டு. ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். இப்படித் திரும்பித் திரும்பியே விதையை மண்ணுக்குள் இறக்கிவிடும்.

இந்தக் கணக்கு இப்போதே ஏன் வேண்டும்? தோல் பதனிடும் பட்டைக்காக வந்த சீகை (வாட்டில்) மரம் புல்வெளிகளை விழுங்கிவிட்டது. அதன் நிழலில் நாட்டுப் புல் தங்காது. சீகை விதையோ பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கும். காட்டுத்தீ பட்டதும் கூட்டமாக முளைத்துவிடும். பழத்தோட்டம் என்னும் இடத்தில் சீகையை அகற்றிவிட்டு நாட்டுப் புல்லைத் திரும்ப நடும் வேலை நடந்திருக்கிறது. நம்பிக்கை தரும் வேலை அது. ஆனால் ஒரு சரிவில் முன்பு என்னென்ன புல் இருந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால், கைக்கு எளிதாகக் கிடைக்கும் இரண்டு மூன்று வகையோடு வேலை நின்றுவிடும். அரிதானது அரிதாகவே போய்விடும். ஜூன் 5, சுற்றுச்சூழல் நாள் வந்தால் வெற்றுச் சரிவு என்று நினைத்துப் புல்வெளியில் மரக்கன்று நடும் வழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

தண்ணீர்க் கணக்கும் இதில் இருக்கிறது. ஆனைமுடிப் பக்கத்துப் புல்வெளிகளும் சோலைகளும் மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதால்தான் பாம்பாறு ஓடுகிறது. கேரளத்திலிருந்து கிழக்கே பாயும் மூன்று ஆறுகளில் ஒன்றான அது எல்லை தாண்டி அமராவதியாகி, உடுமலை வயல்களுக்கும் கரூருக்கும் போகிறது.

உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. பதிவேடு தயாரிப்பது 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் உங்களுக்குக் கொடுத்த வேலை. அழியும் நிலையிலுள்ள இனங்களை அரசு அறிவிக்க அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு இடம் தருகிறது. வரும் ஐப்பசி முதல் மார்கழிவரை, கதிர் இருக்கும்போதே, முதுவர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் கூட்டிக்கொண்டு சரிவு சரிவாக நடந்து எழுதுங்கள். அடையாளம் தெரியாததைக் காகிதத்தில் வைத்து அழுத்தி, பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புங்கள். அரிதென்று தெரியவந்ததை மாநிலப் பல்லுயிர் வாரியத்திடம் பரிந்துரையுங்கள். வழி காட்டவும் பெயர் சொல்லவும் எங்கள் ஊரிலிருந்து ஆட்கள் வருவோம். தேதியை மட்டும் முன்கூட்டியே அறிவியுங்கள்.

இப்படிக்கு,
கோவிலூர்ப் பகுதி விவசாயி ஒருவர்