டர்போப்ராப் ஓட்டப் பழகுபவர் முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானியை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகுவது பற்றி வந்திருந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இதற்கெல்லாம் தமிழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் செஸ்னா காரவன் என்ற ஒற்றை இன்ஜின் டர்போப்ராப் (டர்பைன் இன்ஜினால் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும்) விமானம் பற்றிய பத்தியில், இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் இன்ஜின் ஓடத் தொடங்கிவிடும், பவரைக் கூட்டும் லீவரான த்ராட்டிலை முழுதாகத் தள்ளினால் பறந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கணினியில் அது நடக்கும். நிஜ காரவனில் அப்படித் தள்ளினால் இன்ஜின் சேதமாகலாம். அந்த ஒரு பத்திக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் எரிவாயு மின்நிலையத்தில் 31 ஆண்டுகள் கன்ட்ரோல் ரூம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். நான்கு ஆண்டுகளாகக் கணினியில் காரவன் ஒன்றை மட்டுமே ஓட்டி வருகிறேன். 675 குதிரைத்திறன் கொண்ட பழைய காரவன் அது. இன்ஜின், பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடி6ஏ-114ஏ.

முதல் நாள் ஸ்டார்ட் செய்தபோது ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். உள்ளே டர்பைன் வேகம் ஏறிக்கொண்டிருக்கிறது, வெளியே ப்ரொப்பெல்லர் சோம்பலாக நிற்கிறது. எங்கள் நிலையத்தில் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் கம்ப்ரஸர், டர்பைன், ஜெனரேட்டர் மூன்றும் ஒரே தண்டில் சுழலும். ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே ஆக வேண்டும். பிடி6-இல் அப்படி இல்லை. கம்ப்ரஸரைச் சுழற்றும் டர்பைன் தனி, ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன் தனி. இரண்டுக்கும் நடுவே பாய்வது சூடான வாயு மட்டும்தான். இது மனதில் பதிந்த பிறகுதான் பேனலில் ஏன் இத்தனை முள்கள் என்பது புரிந்தது.

ஸ்டார்ட் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டரைப் போட்டவுடன் எரிபொருளைத் திறந்துவிடக் கூடாது. கம்ப்ரஸரைச் சுழற்றும் உள்டர்பைனின் வேகம் குறைந்தது 12 சதவீதத்தைத் தொட வேண்டும். அதன் பிறகே எரிபொருளைத் திறக்கும் கண்டிஷன் லீவரை லோ ஐடிலுக்கு, அதாவது இன்ஜின் மெதுவாக ஓடும் நிலைக்கு, தள்ள வேண்டும். தள்ளிய கணத்திலிருந்து கண் ஐடிடி முள்ளை விட்டு அகலக் கூடாது. டர்பைன்களுக்கு இடையே உள்ள வெப்பத்தைக் காட்டும் முள் அது. ஸ்டார்ட்டில் உச்ச வரம்பு 1,090 டிகிரி செல்சியஸ், அதுவும் 2 விநாடிகளுக்கு மேல் கூடாது. முள் அந்தப் பக்கம் விரைந்தால், கை லீவரை உடனே எரிபொருளை நிறுத்தும் கட்-ஆஃபுக்கு இழுக்க வேண்டும். ஸ்டார்ட்டரை மட்டும் விடாமல் சுற்றவிட்டு, உள்ளிருக்கும் சூட்டைக் காற்றால் வெளியேற்ற வேண்டும்.

பேட்டரி பலவீனமாக இருந்தால் கம்ப்ரஸர் மெதுவாகச் சுற்றும், உள்ளே வரும் காற்று குறையும். எரிபொருள் மட்டும் அதே அளவில் இறங்கும். குளிர்விக்கக் காற்று இல்லாமல் டர்பைன் இதழ்கள் வெந்துபோகும். நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஷிப்ட் சீனியர் ஒருவர் சொன்னார்: "தம்பி, மெகாவாட்டை அப்புறம் பாரு. எக்ஸாஸ்ட் டெம்பரேச்சரை முதல்ல பாரு." கணினியில் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அவர் குரல் கேட்கிறது.

அடுத்தது பவர். டேக்-ஆஃபில் டார்க், அதாவது திருப்புவிசை, 1,865 அடி-பவுண்டைத் தாண்டக் கூடாது. ஐடிடி 805 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அந்த 805-உம் 5 நிமிடங்களுக்கு மட்டுமே. பிறகு ஏறும்போது 765, சமநிலையில் பறக்கும்போது 740. தரைக்கு அருகில் காற்று அடர்த்தி அதிகம் என்பதால் டார்க் முள்தான் முதலில் வரம்புக் கோட்டைத் தொடும். பவர் லீவர் இன்னும் முன்னே போக இடமிருக்கும், ஆனால் போகக் கூடாது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து டார்க் இறங்கும். அதை ஈடுகட்ட லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஓர் உயரத்தில் டார்க் கோட்டுக்குக் கீழேயே இருக்க, ஐடிடி வரம்பைத் தொட்டுவிடும். அதற்கு மேல் வெப்பமானி சொல்வதுதான் சட்டம். திருச்சியின் மே மாத வெயிலை வைத்து ஓட்டிப் பாருங்கள், அந்த உயரம் எவ்வளவு கீழே இறங்கிவிடுகிறது என்று தெரியும்.

சிமுலேட்டரோடு கூடவே வரும் விமானங்கள் பலவற்றில் இந்த வரம்புகளை மீறினாலும் ஒன்றும் ஆகாது. ஆகவே கணினி தண்டிக்கும் என்று காத்திருக்காமல் நாமே நம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். மீறியதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். டார்க் வரம்பைத் தாண்டினால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது, இறங்க வேண்டியதுதான்.

பவர் லீவரில் ஐடிலுக்குப் பின்னால் பீட்டா, ரிவர்ஸ் என்று இரண்டு பகுதிகள் உண்டு. தரையில் ஓடும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல், பீட்டாவில் ப்ரொப்பெல்லர் இதழின் கோணத்தைக் குறைத்து வேகத்தை அடக்குவார்கள். பறக்கும்போது அந்தப் பக்கம் கை போகவே கூடாது. விலை குறைந்த த்ராட்டிலில் ஐடிலில் தடுப்பு எதுவும் இருக்காது. நான் பழைய செருப்பின் ரப்பரை விரல் தடிமனுக்கு வெட்டி, ஐடில் வரும் இடத்தில் ஒட்டியிருக்கிறேன். லீவரைச் சற்றுத் தூக்கினால்தான் அதைத் தாண்டும். செலவு ஒன்றுமில்லை.

எல்லா டர்போப்ராப்பும் ஒன்றுதான் என்ற தொனியும் கட்டுரையில் இருந்தது. கான்பூரில் எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கட்டும் டோர்னியர் 228 விமானத்தில் இருப்பது டிபிஇ331 இன்ஜின். அது எங்கள் மின்நிலைய டர்பைன் போல ஒரே தண்டு. ஸ்டார்ட்டர் சுற்றும்போதே ப்ரொப்பெல்லரும் சுற்றும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏடிஆர் 72 என்ற இரட்டை இன்ஜின் பயணிகள் விமானம் நேர் எதிர். அதில் வலப்பக்க ப்ரொப்பெல்லரைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, உள்ளே இன்ஜினை மட்டும் ஓடவிட்டு மின்சாரமும் குளிர்காற்றும் எடுக்க முடியும். அதற்கு ஹோட்டல் மோடு என்று பெயர். தண்டு தனித்தனியாக இருப்பதால்தான் இது முடிகிறது.

எந்த லீவர் எதைச் செய்கிறது என்பது விளையாட்டுச் செய்தி அல்ல. 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் ஏடிஆர் 72 விழுந்து, அதில் இருந்த 72 பேரும் இறந்தார்கள். தரையிறங்கும் நேரத்தில் இறக்கை மடிப்புகளை இறக்கும் ஃப்ளாப் லீவருக்குப் பதிலாக இரண்டு கண்டிஷன் லீவர்களும் (ஏடிஆரில் இவை ப்ரொப்பெல்லரையும் கட்டுப்படுத்தும்) ஃபெதர் நிலைக்கு இழுக்கப்பட்டதை நேபாள விசாரணைக் குழு கண்டறிந்தது. இன்ஜின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ப்ரொப்பெல்லர் இதழ்கள் காற்றோட்டத்துக்கு இணையாகத் திரும்பிவிட்டதால் விமானத்தை முன்னே இழுக்கும் விசை இல்லை, டார்க் பூஜ்யம். அந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் முதல் எந்த லீவரைத் தொடும் முன்பும் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டே நகர்த்துகிறேன்.

எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் இரண்டு பையன்கள் மாலையில் வந்து பழகுகிறார்கள். அவர்களுக்காகக் காரவனின் ஸ்டார்ட் முறை, வரம்புகள், நிறுத்தும் முறை எல்லாவற்றையும் தமிழில் 40 பக்க நோட்டில் எழுதியிருக்கிறேன். நிறுத்தும் முன் ஐடிடி இறங்கி ஒரு நிமிடமாவது நிலையாக நிற்க வேண்டும் என்பது அதன் கடைசிப் பக்கம். நகல் எடுத்து இக்கடிதத்தோடு அனுப்பியுள்ளேன். காரவனோ ஏடிஆரோ ஓட்டும் தமிழ் விமானி ஒருவரிடம் காட்டி, பிழை இருந்தால் திருத்தி, அடுத்த கட்டுரைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்நிலைய ஊழியர்,
கும்பகோணம்.