டம்ளர் கழுவும் முறை

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு கதை சொல்ல மாட்டேன். இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் வலிக்குத் தைலம் மாற்றி மாற்றித் தேய்த்ததில் போர்வையெல்லாம் தைல வாசம் ஏறியதுதான் மிச்சம். சின்னவன் வேலை மாறி ஓசூருக்குப் போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான்.

"சனிக்கிழமை ராத்திரி ஏழு கிழவன்கள் கூடி என்னத்தப் படிக்கிறீங்க?" என்று கேட்டிருந்தாய். முதலில் ஒரு திருத்தம். ஆறு கிழவன்கள், ஒரு வாலிபன். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற தம்பி, அவனுக்கு முப்பதுதான் ஆகிறது.

நம் சபை ஆண்கள் ஐக்கியத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அசனம் என்கிற சபை விருந்துக்கு எத்தனை ஆடு, பந்தல் யாருக்கு, போன வருஷக் கணக்கில் அரிசி எப்படி இடித்தது, இதற்கு மேல் பேச்சு போகாது. ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து காலத்தில் ரிட்டையர்டு தலைமையாசிரியர் அண்ணாச்சி திடீரென்று எழுந்து, "பழைய பக்தி நூல் ஏதாவது ஒண்ணு உட்கார்ந்து வாசிப்போமே" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள், வந்தது ஏழு பேர். எங்கள் வீட்டு வராந்தாவில், தார்சாவில்தான் கூடுகிறோம். ஒரு வாரத்துக்குச் சில பக்கம்தான், அதற்கு மேல் கிடையாது. ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், அப்புறம் இன்னொருவர் அதே பக்கங்களை மெதுவாக. யாரும் பிரசங்கம் பண்ணக்கூடாது, பண்ணினால் அடுத்த வாரம் மிக்சர் அவர் செலவு. வக்கீல் இதுவரை நாலு தடவை மிக்சர் வாங்கியிருக்கிறார்.

முதல் புத்தகம் சகோதரர் லாரன்ஸ் என்ற துறவியுடையது. நாலு உரையாடல், பதினாறு கடிதம், அவ்வளவுதான், சட்டைப்பையில் அடங்கிவிடும். அந்த ஆள் நூல் எழுத உட்கார்ந்தவரே இல்லை. அவர் 1691இல் இறந்த பிறகு, அவரோடு பேசிப் பழகிய ஜோசப் தெ போஃபோர் என்ற குருவானவர் தன் குறிப்புகளையும் கிடைத்த கடிதங்களையும் சேர்த்து வெளியிட்டார். லாரன்ஸின் சொந்தப் பெயர் நிக்கோலா எர்மான். லொரேன் பக்கத்துக்காரர், முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயம்பட்டுக் கடைசிவரை காலை இழுத்து நடந்தவர். கொஞ்ச நாள் ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஏவலாளாக இருந்தார், தொட்டதையெல்லாம் உடைத்துத் தள்ளும் தடியன் நான் என்று அவரே சொல்கிறார். 1640இல் பாரிஸில் கர்மேல் மடத்தில் சேர்ந்தார். என் முரட்டுத்தனத்துக்கு மடத்தில் தோலை உரிப்பார்கள் என்று நினைத்துப் போனேன், ஆண்டவர் என்னை ஏமாற்றிவிட்டார், சந்தோஷம்தான் கிடைத்தது என்று அவர் சொல்கிற இடத்தில் தம்பி சிரித்துவிட்டான்.

ஆரம்பத்திலேயே ஒரு சண்டை. "ரோமன் கத்தோலிக்க ஆள் சொன்னது நமக்கு எதுக்கு?" என்றார் ஒருவர், பெயர் வேண்டாம், யாரென்று உனக்கே தெரியும். தலைமையாசிரியர் நிதானமாக, "பக்தி நூல் எழுதின தாமஸ் அ கெம்பிஸும் சீர்திருத்தத்துக்கு முந்தின கத்தோலிக்கத் துறவிதான். அவரு புஸ்தகத்தை நம்ம புராட்டஸ்டண்ட் ஜான் வெஸ்லியே 1735ல இங்கிலீஷ்ல பதிப்பிச்சாரு. வெஸ்லிக்கு ஒட்டாத தீட்டு உமக்கு ஒட்டிருமோ?" என்றார். அதோடு சரி.

அடுத்தது மொழிச் சண்டை. எங்களிடம் இருந்தது ஆங்கிலப் பதிப்பு, அண்ணாச்சி பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வார். தேவ பிரசன்னத்தை, அதாவது ஆண்டவர் கூடவே இருப்பதை, எப்போதும் உணர்ந்திருக்கப் பழகுவது என்பதுதான் மொத்தப் புத்தகமும். அதைப் பயிற்சி என்பதா, பழக்கம் என்பதா, அப்பியாசம் என்பதா? ஒரு மணி நேரம் போயிற்று. பயிற்சி என்றால் டிரில் மாஸ்டர் ஞாபகம் வருகிறது, அப்பியாசம் என்றால் யோகா வகுப்பு. வேதாகமத்தில் தீமோத்தேயு நிருபத்தில் "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்று இருக்கிறதே, முயற்சி என்று வைத்துக்கொள்வோம் என்றார் வக்கீல். தம்பிதான் முடித்துவைத்தான். "கியர் போடுற மாதிரிண்ணே. முதல்ல யோசிச்சுப் போடுவோம், அப்புறம் கை தானாப் போகும். பழக்கம்னே சொல்லுங்க." பழக்கம் என்றே வைத்துக்கொண்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லாரன்ஸைப் போட்டது மடத்தின் அடுக்களையில். இயல்பிலேயே சமையல் வேலை அவருக்கு அறவே பிடிக்காது. ஆனாலும் ஆண்டவருக்காக என்று செய்து, பதினைந்து வருஷம் அங்கேயே இருந்துவிட்டார், பிற்காலத்தில் செருப்புத் தைக்கும் அறை. ஜெபவேளை வேறு, வேலைவேளை வேறு என்று எனக்கு இல்லை, பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் முழங்கால் படியிட்டிருக்கிற மாதிரியே இருக்கிறேன் என்கிறார். இந்தப் பக்கத்தைத் தம்பி வாசித்து, நான் மெதுவாக இரண்டாம் தடவை வாசித்து, எல்லாரும் "ஆஹா" என்று கண்மூடி உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்காரி கருப்பட்டிக் காபித் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தட்டை நீட்டிக்கொண்டே, "அந்த ஐயா பதினைஞ்சு வருஷம் சமைச்சதுக்கா புஸ்தகம் போட்டாங்க? எனக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன்.

ஏழு பேரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். யோசித்துப் பார், அசனத்துக்கு அண்டா அண்டாவாகக் கறி வைப்பது நாம்தானே, துடுப்புப் பிடிக்கப் போட்டியே நடக்கும், ஆனால் என் வீட்டில் சீனி டப்பா எந்தத் தட்டில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. மார்த்தாள் வேலையில் அலைய, மரியாள் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், ஆண்கள் எல்லாரும் மரியாள் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம் போல.

அடுத்த வாரத்திலிருந்து முறை போட்டோம். வாரம் ஒருவர் காபி போட வேண்டும், இன்னொருவர் டம்ளர் கழுவ வேண்டும். முதல் வாரம் வக்கீல் முறை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, காதில் விழுந்த ஒரு வரிக்கு விளக்கம் சொல்ல தார்சாவுக்கு ஓடிவந்துவிட்டார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தீய்ந்த வாடை வந்த பிறகுதான் நினைவு வந்தது. "லாரன்ஸ் ஆண்டவரையும் நெனச்சாரு, பாலையும் பாத்துக்கிட்டாரு, உமக்கு ரெண்டும் இல்ல" என்றார் அண்ணாச்சி. அந்த வாரம் மிக்சரோடு பாலும் வக்கீல் செலவு.

டம்ளர் கழுவும்போது ஆண்டவரை நினைக்க நானும் பார்க்கிறேன். முதல் டம்ளரில் நினைப்பு இருக்கும். இரண்டாவதில் கரண்ட் பில், மூன்றாவதில் அண்ணனோடு இருக்கிற வரப்புத் தகராறு. இதற்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு வழி இருக்கிறது. தவறினால் லாரன்ஸ் புலம்புவதில்லை. நீர் என்னை என்போக்கில் விட்டால் நான் இப்படித்தான் செய்வேன், நீரே தடுத்துத் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். எனக்கு இதுதான் மிகவும் பிடித்திருக்கிறது. நாம் வருஷக்கணக்கில் குற்ற உணர்வைக் கோழி அடைகாப்பது மாதிரி காத்துக்கொண்டிருக்கிறோமே.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை வேறு யாரிடமும் சொல்லாதே. மில்லில் சூப்பர்வைசராக இருந்தவரைத் தெரியுமல்லவா, சபையில் ஜெபிக்கச் சொன்னால் பத்து நிமிஷத்துக்குக் குறையாது, போதகர் ஐயரே மெல்ல இருமுவார். போன ஐப்பசியில் அவர் சம்சாரம் இறந்துபோனார்கள். இரண்டாவது கடிதத்தை அன்று அவர்தான் வாசித்தார். முதல் பத்து வருஷம் மிகவும் துன்பப்பட்டேன், மனிதர்களும் என் புத்தியும் ஆண்டவருமேகூட எனக்கு எதிராக நிற்கிற மாதிரி இருந்தது, விசுவாசம் ஒன்றுதான் என் பக்கம் நின்றது என்று லாரன்ஸ் எழுதுகிற இடம். அதோடு நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டவில்லை. "சபையில கேட்டா வார்த்தை வருது. வீட்ல தனியா முழங்கால் போட்டா ஒண்ணும் வரல. நீங்க கேக்கறதெல்லாம் பழைய ஸ்டாக்குய்யா" என்றார்.

முப்பது வருஷமாக அவரைத் தெரியும். பென்ஷன், சர்க்கரை அளவு, பிள்ளைகள் கல்யாணம் எல்லாம் பேசியிருக்கிறோம். இந்த மாதிரி ஒரு சொல் எங்களுக்குள் வந்ததே இல்லை. யாருக்கும் பதில் தெரியவில்லை. நல்லவேளை, வக்கீல்கூட வசனம் எடுத்துவிடவில்லை. தம்பி எழுந்து அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, விட்ட இடத்திலிருந்து மெதுவாக வாசித்தான். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் தம்பி போய் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது தவறாமல் வருகிறார், காபி அவர் போட்டால்தான் குடிக்கிற மாதிரி இருக்கிறது. தனியாகச் சமைத்துப் பழகியிருக்கிறார், பாவம்.

லாரன்ஸ் அடுத்த மாதம் முடிந்துவிடும். கடைசிக் கடிதத்தில், சில நாளில் ஆண்டவரைப் பார்த்துவிடுவேன் என்று எழுதுகிறார், ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தும் விட்டார். அதற்குப் பிறகு எடுக்கப்போவது இரட்சணிய யாத்திரிகம். இதே பாளையங்கோட்டையில் வாழ்ந்த மனிதர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதிக்கு மேல் ஒரு செய்யுள் புரட்டியதில்லை. கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்று, ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைக் கம்பன் நடையில் காப்பியமாக்கி 1894இல் வெளியிட்டார். பனியன் பாத்திரம் பழுதுபார்த்துப் பிழைத்தவர், கிருஷ்ண பிள்ளையோ தமிழாசிரியர். பாத்திரம் பழுதுபார்க்கிறவர் சொன்ன கதை எங்களுக்குப் புரிகிறது, தமிழாசிரியர் பாடினதுதான் புரியவில்லை. அண்ணாச்சிக்கே பல இடத்தில் மூச்சு வாங்குகிறது.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். ஹாஸ்டல் மொட்டைமாடியில் சுந்தர காண்டத்தை ராத்திரி முழுக்கச் சொல்லி எங்களைத் தூங்கவிடாமல் செய்தவன் நீ. ஒரு மாதம் வந்து இங்கே இரு. சொற்பொழிவு வேண்டாம், பதம் பிரித்துக் கொடுத்தால் போதும், மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. எதுவும் வாங்கி வராதே. எந்தத் தேதிக்கு வருகிறாய் என்று மட்டும் எழுது, டம்ளர் கழுவும் முறையில் உன் பெயரைப் போட வேண்டும்.

உன்,
பாளையங்கோட்டைக்காரன்