ரி கலங்களுக்குக் கொஞ்சக் காலம் கொடு, பிள்ளை

கோண்டாவில்

அன்பின் பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். அப்பாவுக்குச் சீனி குறைந்திருக்கிறது. மற்றப் புதினமெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

லண்டனில் எடுத்த சோதனையில் உனக்கு எச்.பி.வி. என்ற, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரசு இருப்பதாக முடிவு வந்தது சின்னவள் சொல்லித்தான் தெரியும். அவளைப் பேசாதே, நான்தான் விடாமல் கேட்டேன். உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்த பிள்ளை, உயிரியல் படிப்பித்த அம்மாவிடமே இதை மறைக்கலாமா?

அந்த வைரசு இரத்தத்துக்குள் போகாது. கருப்பைக் கழுத்தை மூடியிருக்கும் மேலணிக் கலங்களுக்குள் ஒதுங்கிக் கிடக்கும். கலத்தை உடைக்காது, காய்ச்சலும் வராது. கள்ளன் வந்தும் நாய் குரைக்காத வீடு மாதிரி. அதனால்தான் நிர்ப்பீடனம், அதாவது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி, விழிக்க மாதக்கணக்கில் ஆகும். விழித்துவிட்டால் ரி கலங்கள் என்ற வெள்ளைக் குருதிக் கலங்கள் வேலையைத் தொடங்கும். அவற்றில் உதவி ரி கலங்கள் மற்றவற்றைத் தூண்டும். கொல்லும் ரி கலங்கள், கலத்தின் மேற்பரப்பில் தெரியும் வைரசுப் புரதத் துண்டுகளை அடையாளம் கண்டு அந்தக் கலத்தையே அழிக்கும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் இப்படித்தான் அடங்குகிறது. சிறுநீரகம் மாற்றி, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து குடிப்பவர்களுக்கு இது லேசில் போகாது. ரி கலங்களின் வேலை எவ்வளவு பெரியது என்று அதிலேயே தெரியும்.

இங்கே இலங்கையில் 2017இலிருந்து தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு இந்த வைரசுக்கு எதிரான ஊசி போடுகிறார்கள். உன் காலத்தில் அது இல்லை. அந்த ஊசியால் வரும் பிறபொருளெதிரி என்ற எதிர்ப்புப் புரதம், வைரசு கலத்துக்குள் நுழையமுன் மறிக்கும். உள்ளே வந்ததை ரி கலங்கள்தான் பார்க்க வேண்டும். ஆகவே நேரத்துக்குச் சாப்பிடு, நித்திரை கொள். சிகரெட் அந்த வேலையைக் கெடுக்கும். வேலையிடத்தில் யார் நீட்டினாலும் வேண்டாம்.

கலங்களில் மாற்றம் இல்லை என்று வந்தது பெரிய நிம்மதி. ஆனாலும் வருடம் முடியத் திரும்ப வரச்சொன்ன சோதனைக்குக் கட்டாயம் போ. ஆபத்தான வகை வருடக்கணக்கில் நீடித்தால்தான் பயம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் பத்துக்கு ஏழு, 16, 18 என்ற இரண்டு வகையால் வருகிறது. போகாமல் விட்டுவிடாதே. சிகரெட்டும் வேண்டாம்.

இன்னொன்று. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். இது எப்போது வந்தது, யாரால் வந்தது என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது. கலியாணத்துக்கு முன்னமே வந்து, தெரியாமல் கிடந்து, இப்போது சோதனையில் தெரிந்திருக்கலாம். அதை வைத்து மருமகனிடம் ஒன்றும் கேட்டுவிடாதே, பிள்ளை. அவரும் உன்னைக் கேட்கக்கூடாது. கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

சோதனைத் திகதி வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா