காலால் மிதித்து அறுக்காதே, கயல்

அயனாவரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ வாட்ஸப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே பெருமை. நான் பார்த்தது உன் காலை. அலுமினியக் குழாயைப் பால்கனிப் படியில் வைத்து இடது காலால் மிதித்துக்கொண்டு, ஆக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டிருக்கிறாய். செருப்புகூட இல்லை. பிளேடு வழுக்கினால் முதலில் போவது கட்டைவிரல்தான். ராத்திரி போனில் "எந்த வைஸ் வாங்கட்டும்ப்பா?" என்று கேட்டாய். சாமானை இரண்டு இரும்புத் தாடைக்கு நடுவே திருகி இறுக்கிப் பிடிக்கிற வைஸ் உனக்கு வேண்டியதுதான். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்றபடி வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியாதா? அதனால்தான் தாளை எடுத்தேன்.

அம்மா என் வைஸையே கொடுத்தனுப்பச் சொல்கிறாள். கொடுக்கமாட்டேன். அதன் தாடைக்குக் கீழே ஒரு விரிசல் இருக்கிறது, நீ கவனித்திருக்கமாட்டாய். நீ பிறப்பதற்கு முன்னால், துருப்பிடித்த ஒரு நட்டைக் கழற்றுகிற அவசரத்தில், வைஸின் கைப்பிடியில் ஒன்றரை அடிக் குழாயை மாட்டி இறுக்கினேன். பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வார்ப்பிரும்பு வளைந்து காட்டி எச்சரிக்காது, நேரே விட்டுவிடும். கைப்பிடியின் நீளத்தை வைஸ் செய்தவன் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறான். கையால் முறுக்குகிற அளவுக்கு மேல் அதற்கு ஆசைப்படாதே, சுத்தியலால் தட்டியும் இறுக்காதே.

சரி, உனக்கு 4 இன்ச் போதும். தாடையின் அகலத்தைத்தான் இன்ச் கணக்கில் சொல்வார்கள். சைக்கிள் வேலைக்கும் நீ செய்கிற அலமாரி ஆங்கிளுக்கும் அது தாராளம். 6 இன்ச் வாங்கினால் அதன் எடையைத் தாங்குகிற மேசைக்கு உன் பால்கனியில் இடமில்லை. அடிப்பாகம் திரும்பாத வைஸ்தான் எனக்குப் பிடிக்கும், உறுதியாக நிற்கும். ஆனால் 4 அடி அகலப் பால்கனியில் நீளக் கம்பியைப் பிடித்தால் முனை சுவரில் இடிக்கும். அங்கே திரும்புகிற அடிப்பாகம் உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பூட்டு நட்டுகளை மட்டும் அடிக்கடி இறுக்கிப் பார்.

வைஸ் வாங்க லிங்கிச் செட்டித் தெருவுக்குப் போ, மண்ணடி மெட்ரோவில் இறங்கினால் பக்கம்தான். போகும்போது இரண்டு துண்டுக் காகிதம் எடுத்துக்கொள். வைஸை மூடி, தாடைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா பார். அப்புறம் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு காகிதம் வைத்து இறுக்கி இழு. ஒன்று சிக்கி ஒன்று வந்துவிட்டால் தாடை கோணல், வேறொன்றை எடுக்கச் சொல். முன்தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். பெயின்ட் பளபளப்பை நம்பாதே. வார்ப்பில் விழுந்த பொத்தலைப் பட்டி பூசி அடைத்து மேலே பெயின்ட் அடித்திருப்பதும் உண்டு. கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைத் தடவினால் தெரியும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனி மேசை. எனக்கு வைஸைவிட இதில்தான் கவலை. உன் மடக்கு மேசை வேண்டவே வேண்டாம். அராவும்போதும் அறுக்கும்போதும் நீ தள்ளுகிற தள்ளு மொத்தமும் மேசைக் காலுக்குத்தான் போகிறது. அது ஆடினால் பிளேடு துள்ளும், பல் உடையும், நீ வைஸைத் திட்டுவாய். கனமான மரக்கால் மேசை ஒன்று பார். மேலே 19 மில்லி பிளைவுட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் திருகிவிடலாம். வைஸை மேசை நடுவில் வைக்காதே, பலகை மேளத் தோல் மாதிரி அதிரும். மூலையில், காலுக்கு நேர் மேலே வை.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. வைஸை உள்ளே தள்ளிப் பொருத்திவிடுவார்கள். அசையாத பின்தாடையின் முகம் மேசை விளிம்பைவிட ஒரு நூலாவது வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் நீளமான சாமானைச் செங்குத்தாகப் பிடித்தால் பலகையில் முட்டாமல் கீழே இறங்கும்.

தச்சர் "ஸ்க்ரூவே போதும்மா" என்பார். போதாது. பலகையைத் துளைத்து அடிவரை போகிற போல்ட் போட வேண்டும், அடிப்பாகத்தில் எத்தனை துளை இருக்கிறதோ அத்தனைக்கும். பலகைக்கு அடியில் இரும்புப் பட்டை, அதற்குக் கீழே ஸ்பிரிங் வாஷர், கடைசியில் நட்டு. வெறும் நட்டு நாளாக நாளாக மரத்துக்குள் புதைந்து தளர்ந்துவிடும்.

உயரத்துக்கு ஃபிட்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். வேலை செய்யும்போது போடுகிற செருப்போடு நேராக நின்று, முஷ்டியை முகவாய்க்குக் கீழே வை. முழங்கை தாடையின் மேல்பக்கத்தைத் தொட வேண்டும். உன் உயரத்துக்கு மேசை கிட்டத்தட்டச் சமையல் மேடை அளவு வரும். எழுதுமேசை என்றால் கீழே கட்டை கொடுக்க வேண்டியிருக்கும். குனிந்து அறுத்தே முதுகைக் கெடுத்துக்கொண்டவன் சொல்கிறேன்.

குழாயை அப்படியே இறுக்கினால் தாடையின் பல் பதியும், குழாய் நசுங்கும். மரத்துண்டு இரண்டில் V மாதிரிப் பள்ளம் வெட்டி நடுவில் வைத்துப் பிடி. தாடையை ஒட்டியே அறு.

திருவான்மியூர் உப்புக்காற்றுக்கு ஒரு வாரம் போதும், துரு ஏறிவிடும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடை, திருகுக்குக் கிரீஸ் போடு. ஐப்பசி மழை உன் கிழக்குப் பால்கனியில் சாய்ந்து அடிக்கும். கூடவே போல்ட்டைக் கழற்றி உள்ளே கொண்டுபோக முடியுமா பார், 4 இன்ச் என்றால் நீயே தூக்கிவிடலாம்.

வாடகை வீடு, மேசையைச் சுவரில் ஆணியடித்து நிறுத்த விடமாட்டார்கள். அதனால் மேசையின் அடித்தட்டில் கனம் ஏற்ற வேண்டும். கால்களுக்குக் கீழே பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போடு, கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் குறையும். கனத்துக்கு நம் மொட்டைமாடியில் கிடக்கிற அம்மிக்கல்லை நினைத்து வைத்திருக்கிறேன். மிக்ஸி வந்ததிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. அடுத்த ஞாயிறு டிரில்லிங் மெஷினோடு ஆட்டோவில் கொண்டுவருகிறேன். ஆனால் அம்மாவிடம் அம்மியை நீதான் கேட்க வேண்டும். நான் கேட்டால் நடக்காது.

அதுவரை அந்தக் குழாயைத் தொடாதே.

அன்புடன்,
அப்பா